எஸ்தருக்கு வாங்கும் துப்பாக்கி

சேவி,

நீ போனில் கேட்டது ஒரு சின்னக் கேள்வி. வாட்சாப்பில் ஒரு வரி பதில் போட்டுவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம். சனிக்கிழமை கேட்டாய், இன்று வியாழன். இதற்குள் மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. முப்பது வருஷம் போலீஸில் இருந்து எத்தனையோ பேருடைய வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். என்னுடையதை எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. எஸ்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. என் பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று நீ சொல்வாய். உன் முகத்தைப் படிக்கத் தெரியும்.

நீ பேசியதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். "மா, எஸ்தர் இங்க கிளப்புல சேந்துட்டா. பாயிண்ட் டூ டூ, போல்ட் துப்பாக்கி. கிளப்போடது எல்லாம் பழசு லா, அவளுக்குன்னு ஒண்ணு வாங்கணும். ரொம்ப விலை வேணாம், ஆனா குறி தப்பக் கூடாது. நீங்கதானே எக்ஸ்பர்ட், சொல்லுங்க" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பெர்த்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷத்தில் நீ துப்பாக்கி என்ற வார்த்தையை என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு, "பெரிய ஆளுங்க சைஸ்லயே வாங்கிடலாம்னு பாக்கறேன் மா, வளர்ற பிள்ளதானே" என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். "அவ கை என் கை மாதிரி இல்ல மா, நடுங்காது" என்று சொல்லிச் சிரித்தாய். முப்பத்தெட்டு வயதில், தலை நரைக்க ஆரம்பித்த பிறகும், அதைச் சொல்லும்போது நீ சிரிக்கிறாய். 

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். நான் பார்த்த துப்பாக்கிகள் எல்லாம் இப்போது என்னைப் போலக் கிழவிகளாகியிருக்கும். பார்க்க வேண்டியவை மட்டும் மாறவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுகிற துப்பாக்கிதான் நல்லது. போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, ஒரு தோட்டாவை வைத்து, மூடி, மூச்சை விடுவதற்குள் பிள்ளைக்குத் தானாக நிதானம் வந்துவிடும். புதிதுதான் வேண்டும் என்று நிற்காதே. இந்தச் சின்னத் தோட்டா பேரலை அவ்வளவு சீக்கிரம் தேய்த்துவிடாது. ஒழுங்காகத் துடைத்து வைத்திருந்த பழையது, பளபளக்கிற மலிவுச் சாமானைவிட மேல். வாங்கும் முன் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பேரலின் வாய் விளிம்பை விரலால் தடவிப் பார். அடிபட்டிருந்தால் திரும்பி வந்துவிடு. ட்ரிகர் உரசாமல், இழுபடாமல், எப்போதும் ஒரே இடத்தில் விட வேண்டும். பெரிய தொலைநோக்கி மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரன் ஆசை காட்டுவான். அந்தக் காசைத் தோட்டாவில் போடு. நாலைந்து வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டுப் பார்த்தால் அந்தத் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். விலை கூடியதுதான் பிடிக்கும் என்று இல்லை. லைசென்ஸ், பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி எல்லாம் அந்த ஊர்ச் சட்டப்படி இருக்கட்டும். அதில் குறுக்கு வழி பார்த்தாய் என்று கேள்விப்பட்டால் நானே பிளேன் ஏறி வந்து உன்னைப் பிடித்துக் கொடுப்பேன்.

இவ்வளவும் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. பெரிய சைஸ் வாங்காதே.

நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் வீட்டில் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்கு எதையும் எங்கள் அளவில் வாங்கியதில்லை. கிறிஸ்துமஸ் கவுன் முழங்காலைத் தாண்டித் தொங்கும், அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் சரியாக நிற்கும். பள்ளிக்கூடச் சப்பாத்தின் முன்னால் பேப்பரைத் திணித்துக்கொண்டு நடப்போம். சப்பாத்து சரியான அளவுக்கு வருவதற்குள் அடி தேய்ந்திருக்கும். அதை நான் கஷ்டம் என்று நினைத்ததே இல்லை, கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். உன் அப்பாவுக்கு இது ஆகாது. தெங்கேராவில் அவர் தையல் கடைக்கு ஜனவரி பிறந்தால் தாய்மார்கள் வரிசையாக வந்து, "அண்ணே, பெருசா தைங்க, வளர்ற பிள்ள" என்பார்கள். அவர் தலையாட்டிவிட்டு அளவாகத்தான் தைப்பார். மிச்சத் துணியை உள்ளே மடித்துத் தையல் போட்டு அனுப்பி, பிள்ளை வளர்ந்ததும் பிரித்து விடுவார். உன் சட்டைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. உன் உடம்பில் எந்தச் சட்டையும் தொங்கி நான் பார்த்ததில்லை.

உனக்குப் பதின்மூன்று வயது முடிந்தபோது கிளப் துப்பாக்கியில் நீ நன்றாகச் சுட ஆரம்பித்திருந்தாய். உனக்கென்று ஒன்று வேண்டும் என்று எனக்குத்தான் வெறி. அப்போது தங்கா பத்துவில் ஒரு சீனப் பெரியவர், கிளப்பில் பழைய ஆள், கண் மங்கிவிட்டதால் தன் துப்பாக்கியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். நீ அவர் வீட்டுக்கு வெளியே கடற்கரையில் நண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். நல்ல சாமான், எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கட்டை மின்னியது. விலையும் நம்மால் முடிகிற விலை. கிளப்பில் மணல் மூட்டைமேல் வைத்து ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தேன். ஐந்தும் ஒரு பத்து காசின் அளவுக்குள் விழுந்தன. லைசென்ஸ் என் பெயரில், துப்பாக்கி கிளப்பின் இரும்பு அறையில், சுடுவது நீ. உன்னைவிட எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

தோளில் பதியும் பின்பக்கத்தில் கறுப்புத் தகடுகள் இரண்டு வைத்து நீளம் கூட்டியிருந்தார் அந்தப் பெரியவர். அவர் உயரமான ஆள். அந்தத் தகடுகள் கழற்றக்கூடியவை என்று எனக்கு அப்போது தெரியாது. உன் அப்பா ஒரே ஒரு நாள் கிளப்புக்கு வந்து, நீ பாயில் படுத்துக் குறி பார்ப்பதை நின்று கவனித்தார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அவனுக்கு அது பெருசா இருக்கு. கழுத்த கொக்கு மாதிரி நீட்டுறான். சட்டைன்னா நான் உள்ள மடிச்சுத் தருவேன். அத எப்படி மடிப்பே?" என்று கேட்டார். "உங்களுக்கு ஊசியப் பத்தித் தெரியும், அத பாருங்க" என்றேன். போலீஸில் எங்கள் எல்லோருக்கும் ஒரே அளவுத் துப்பாக்கிதான் தருவார்கள். ஐந்தடி இருப்பவளும் அதில்தான் சுட வேண்டும், ஆறடி இருப்பவனும் அதில்தான் சுட வேண்டும். நாங்கள்தான் உடம்பை அதற்கேற்ற மாதிரி வளைத்துக்கொள்வோம். அதையே உனக்கும் சொன்னேன். "கழுத்து வலிக்குது மா" என்று நீ சொன்னபோதெல்லாம், "பழகிப் போவும்" என்றேன்.

மாநில அணித் தேர்வு அன்று நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்லி நீ கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன். நாற்பதில் முதல் இருபது நன்றாகத்தான் போயின. அதற்குப் பிறகு உன் முதுகு விறைப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பேரல் முனை ஆட ஆரம்பித்தது. ஒரு தோட்டா கறுப்பு வட்டத்தைத் தாண்டி வெள்ளைக்குப் போனது, அடுத்ததும் போனது. கடைசிப் பத்தில் பாதி எங்கே போயின என்று தாளில் தேட வேண்டியிருந்தது. நீ எழுந்து வந்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இருபத்து நான்கு வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். தண்ணீர் கொடுத்திருக்கலாம். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் தூக்கிக் காட்டி, "பாருங்க லா இவன் கைய, எப்படி நடுங்குது. தெனம் ரெண்டு முட்ட குடுத்து வளத்த கை" என்றேன். சிலர் சிரித்தார்கள். நம்மோடு வந்திருந்த ரோசி அத்தைதான் அதிகம் சிரித்தார்.  நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே திரும்பிப் போய், போல்ட்டைத் திறந்து, உள்ளே காலியாக இருக்கிறது என்று அதிகாரிக்குக் காட்டி, துப்பாக்கியைப் பாயில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்தாய். "மா, வீட்டுக்குப் போலாம்" என்றாய். அதற்குப் பிறகு நீ அதைத் தொடவே இல்லை.

இங்கே நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்ய வேண்டும். மேலே ஓர் இடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். தகடுகள் கழற்றக்கூடியவை என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேன் அல்லவா, அது பொய். வழக்கமாக இந்த இடத்துக்கு வந்ததும்தான் தாளைக் கிழிப்பேன். இன்று கிழிக்கவில்லை, அந்த வரியையும் அடிக்கவில்லை, நீ இரண்டையும் பார்.

அந்தப் பெரியவர் துப்பாக்கியைக் கொடுத்த அன்றே ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தார். பிறகு ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து, "டுவா ஸ்க்ரூ சஜா, காக்" என்றார் மலாயில். இரண்டே திருகாணிதான் அக்கா, பையன் சின்னவன், இப்போதே கழற்றித் தருகிறேன் என்று சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு வருஷத்தில் வளர்ந்துவிடுவான், இப்போதே பெரிய அளவில் பழகட்டும், இன்று கழற்றி நாளைக்கு மாட்டினால் பிள்ளைக்குப் பழக்கம் கெட்டுவிடும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திருப்புளியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். உன் அப்பா எப்படி மடிப்பே என்று கேட்டபோதும் எனக்குப் பதில் தெரியும். துப்பாக்கி செய்தவனும் தையல்காரன் மாதிரி மடிக்க வழி வைத்துத்தான் தந்திருந்தான். மடிக்காமல் விட்டவள் நான்.

இன்னும் இருக்கிறது. தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நான் தனியாகக் கிளப்புக்குப் போனேன். அன்று நீ இருந்த உயரம்தான் என் உயரம். உன் பாயில் படுத்து, தகடுகளோடு அப்படியே நாற்பது தோட்டா சுட்டேன். அதுவரை நான் அதை மணல் மூட்டைமேல் வைத்துத்தான் சுட்டிருக்கிறேன், படுத்துச் சுட்டதே இல்லை. இருபது வரைக்கும் சமாளித்தேன். பிறகு கழுத்து நரம்பு இழுத்தது, கண் குறியிலிருந்து விலகி விலகிப் போனது, தோளிலிருந்து விரல் வரைக்கும் ஆட்டம் கண்டது. தாளைக் கொண்டுவந்து பார்த்தேன். உன்னுடைய தாள் மாதிரியே இருந்தது. எழுந்து திருப்புளி வாங்கி இரண்டு திருகாணியையும் கழற்றினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி படுத்தேன். கன்னம் தானாகக் கட்டையில் சாய்ந்தது, கண்ணைத் திறந்தால் குறி எதிரே இருந்தது. பத்து சுட்டேன். எல்லாம் நடுவில். அந்தப் பாயிலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன், சேவி. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தகடுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு துப்பாக்கியை வாங்கிய கிளப்காரர்கள் தகடு எங்கே என்று கேட்டதற்கும் தெரியாது என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அத்தனை பேர் முன்னால் உன் கையைத் தூக்கிக் காட்டியவள், அத்தனை பேர் முன்னால்தான் மன்னிப்பும் கேட்டாக வேண்டும் என்று தோன்றியது. அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. திருடனைத் துரத்திக்கொண்டு கடலில் இறங்கியவள் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பதினான்கு வயது மகன் முன்னால் நிற்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், பிறந்த நாள் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ரோசி அத்தை வைத்த 'கை நடுங்கி' என்ற பட்டப்பெயர் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டது. கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த நீ நிறுத்திவிட்டாய். யாராவது டீ கொடுத்தால் கோப்பையை மேசையில் வைக்கச் சொல்லிப் பிறகு எடுப்பாய். உன் கல்யாணத்தில் மோதிரம் போடும்போதுகூட நீயே, "பாத்து லா, கை நடுங்கப் போவுது" என்று சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள். முன் வரிசையில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.

எல்லாவற்றையும்விட ஒரு நாள்தான் என்னைத் தின்கிறது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம், படிவம் ஆறு ரிசல்ட் வந்த வாரம். பல் வைத்தியத்துக்கு மனுப் போடு, மார்க் போதும் என்று டீச்சர் உன்னிடம் சொல்லியிருந்தார். நீ சமையலறைக்கு வந்து, "அதுக்கெல்லாம் கை ஸ்டெடியா இருக்கணும் மா, நான் கம்ப்யூட்டருக்கே போட்டுர்றேன்" என்றாய். நான் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் வாயில் வார்த்தை வந்து நின்றது. நீ ஒரு நிமிஷம் காத்திருந்தாய், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் "சரி" என்றேன். நீ கம்ப்யூட்டர் வேலையில் நன்றாகத்தான் இருக்கிறாய், எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர வேறு எதையும் நான் திருப்பிக் கேட்கவில்லை.

உன் அப்பாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தகடுகளை அவருடைய பொத்தான் டப்பாவின் அடியில் போட்டு வைத்திருந்தேன். அந்த டப்பாவில் தினம் கை விடுகிறவர், பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒருநாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். திரும்ப அடியில் வைத்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். போன வருஷம் ஆஸ்பத்திரியில், உன்னோடு வீடியோ கால் பேசி முடித்த பிறகு, "அவன்கிட்ட சொல்லிடு" என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடக்கத்துக்கு நீ வந்திருந்த பத்து நாளும் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ அப்பா பெட்டியின் பிடியைத் தூக்கும்போது அத்தையின் கணவர், "நீ விடு தம்பி, கை தவறிடும்" என்று வாங்கிக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, நீ போன் பேசிய மறுநாள், பூசை முடிந்து கோயில் வாசலில் ரோசி அத்தையைப் பிடித்து நிறுத்தினேன். சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், நமக்கு வேண்டியவர்கள்தான். நடந்ததைச் சொன்னேன். அத்தை கைக்குட்டையை மடித்துக்கொண்டார். "இப்ப சொல்லி என்னா லா ஆவப் போவுது? அவன் பிள்ளைக்கே பதினோரு வயசு ஆச்சு" என்றார். "அவன் கை நடுங்காதுன்னு ஆவணும்" என்றேன்.  பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நம் புக்கிட் காத்தில் வீடு வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தேன். உன்னிடம் முதலில் சொல்லாமல் அவர்களிடம் சொன்னது தப்போ என்னவோ. அவர்கள் முன்னால் எடுத்ததை அவர்கள் முன்னால் வைத்துவிட்டுத்தான் உன்னிடம் வர முடிந்தது.

கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கும். அதில் அப்பாவின் அளவு நாடா எஸ்தருக்கு. கடைக்குப் போகும் முன் அவள் முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பின் உட்பக்கத்திலிருந்து ட்ரிகர் விரலின் முதல் கணு வரைக்கும் அள. கடையில் துப்பாக்கியின் பின்பக்கத்தை அந்த மடிப்பில் வைத்தால், விரல் நீட்டிப் பிடிக்காமல் ட்ரிகரில் விழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைச் சாய்க்கச் சொல். திறந்ததும் குறி எதிரே இருந்தால் அதுதான் அவள் துப்பாக்கி. தகடு சேர்க்கவும் கழற்றவும் முடிகிற கட்டையாகப் பார்த்து வாங்கு. வருஷம் இரண்டு முறை அள. வளர்ந்தால் ஒன்று சேர். அவள் சரியாகச் சுடாத நாளில் தண்ணீர் கொடு.

கூடவே அப்பாவின் அளவு நோட்டிலிருந்து ஒரு தாள். உனக்குப் பதினான்கு வயதில் கிறிஸ்துமஸ் சட்டைக்கு எடுத்த அளவு, அவர் கையெழுத்திலேயே. உன் கை எவ்வளவு நீளம் இருந்தது என்று அதில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிக்கு அது போதாது, அவ்வளவுதான் விஷயம். துணியில் சுற்றியிருக்கும் இரண்டு கறுப்புத் தகடும் உனக்கு. ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார். பெருவிரல் தடிமன்கூட இருக்காது. உன் கை ஒருநாளும் நடுங்கியதில்லை, சேவி. நான்தான் நடுங்க வைத்தேன்.

என்னோடு பேச வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடு. தோன்றாவிட்டால் பரவாயில்லை, எஸ்தரின் அளவை மட்டும் எழுதி அனுப்பு. அப்பாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவள் பெயரை எழுதி, அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா